தமிழ்நாட்டு இலங்கைத் தமிழ் ஏதிலிகளின் தாயகம் திரும்பல்

தமிழ்நாட்டு இலங்கைத் தமிழ் ஏதிலிகளின் தாயகம் திரும்பல் என்பது, இலங்கை இனப்பிரச்சினை காரணமாக 1983 ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் தஞ்சம் புகுந்த இலங்கைத் தமிழர்கள் மீண்டும் இலங்கைக்குச் செல்லுதலைக் குறிக்கும். திரும்புவதா, இந்தியாவிலேயே தங்குவதா என்று முடிவெடுப்பதில் அவர்கள் எதிர்கொள்ளும் சட்ட, பொருளாதார, குடும்பச் சிக்கல்களும் இதில் அடங்கும். 1983 முதல் 2012 வரை மொத்தம் 3,04,269 பேர் இலங்கையிலிருந்து தஞ்சம் கோரி இந்தியாவுக்கு வந்ததாக இந்திய உள்துறை அமைச்சகத்தின் கணக்குகள் தெரிவிக்கின்றன. 2021 ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு வெளியிட்ட விவரப்படி 58,822 பேர் 108 முகாம்களிலும், 34,087 பேர் முகாம்களுக்கு வெளியே காவல் நிலையங்களில் பதிவு செய்துகொண்டும் வாழ்ந்தனர். திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் துவாக்குடிக்கு அருகிலுள்ள வாழவந்தான்கோட்டை முகாமும், விமான நிலையப் பகுதியிலுள்ள கொட்டப்பட்டு முகாமும் இவற்றுள் அடங்கும்.

போர் 2009 ஆம் ஆண்டு மே மாதம் முடிவடைந்த பின்னரும் பெரும்பாலானோர் திரும்பவில்லை. இதற்குப் பாதுகாப்பு பற்றிய அச்சம் மட்டுமே காரணமன்று. நிலவுரிமை, பிறப்பு ஆவணங்கள், பிள்ளைகளின் கல்வி, பிறந்த தேதியைப் பொறுத்து மாறும் குடியுரிமைச் சட்டம் ஆகியன ஒரே குடும்பத்தின் உறுப்பினர்களை வெவ்வேறு நிலைகளில் வைத்துள்ளன.

சொற்பயன்பாடு

போர், கலவரம் முதலியவற்றால் நாட்டை விட்டு வெளியேறியவர்களைக் குறிக்கத் தமிழில் அகதி, ஏதிலி ஆகிய இரு சொற்களும் வழங்குகின்றன. தமிழ்நாட்டு அரசு ஆவணங்களில் நீண்டகாலம் "இலங்கை அகதிகள் முகாம்" என்ற பெயரே இருந்தது. 2021 ஆம் ஆண்டு ஆகத்து மாதம் இவை "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என அழைக்கப்படும் என்று முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அறிவித்தார்.

"தாயகம் திரும்பியோர்" என்ற தொடர் தமிழ்நாட்டில் வேறொரு பொருளிலும் வழங்குகிறது. 1964 ஆம் ஆண்டு அக்டோபர் 30 ஆம் நாள் கையெழுத்தான சிறிமா - சாத்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலையகத் தமிழரையும், பர்மாவிலிருந்து வந்த தமிழரையும் அரசு இப்பெயரால் குறிப்பிட்டது. அவர்களுள் பலர் இலங்கையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். இந்தியாவை முன்னர் கண்டதில்லை. எது தாயகம் என்பதை அரசுகள் ஒப்பந்தத்தின் மூலம் தீர்மானித்த நிகழ்வாக அது அமைந்தது. இக்கட்டுரை அவர்களைப் பற்றியதன்று. எனினும் அதே மலையகச் சமூகத்தைச் சேர்ந்த பலர் பின்னர் ஏதிலிகளாகவும் வந்ததால் இவ்விரு வரலாறுகளையும் முற்றிலும் பிரித்துப் பார்க்க இயலாது.

வருகையும் திரும்புகையும்

ஏதிலிகளின் வருகை பொதுவாக நான்கு கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது.

முதற் கட்டம்: 1983 ஆம் ஆண்டு யூலைக் கலவரத்தைத் தொடர்ந்து 1987 வரை 1,34,053 பேர் வந்தனர். 1987 யூலை 29 இல் இந்திய - இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தான பின்னர், 1987 டிசம்பர் முதல் 1989 ஆகத்து வரை 25,585 பேர் திருப்பி அனுப்பப்பட்டனர்.

இரண்டாம் கட்டம்: 1990 யூன் மாதம் போர் மீண்டும் தொடங்கியது. 1989 ஆகத்து முதல் 1991 ஏப்ரல் வரையான காலத்தில் 1,22,078 பேர் வந்தனர். 1992 சனவரி முதல் 1995 மார்ச் வரை 54,188 பேர் திரும்பினர்.

மூன்றாம் கட்டம்: 1995 ஏப்ரலில் போர் மறுபடியும் மூண்டது. 1996 முதல் 2003 வரை ஏறத்தாழ 22,000 பேர் வந்தனர். 2002 பெப்ரவரி 22 இல் போர்நிறுத்த உடன்படிக்கை ஏற்பட்டபின் ஒரு பகுதியினர் தாமாகவே திரும்பினர்.

நான்காம் கட்டம்: 2006 முதல் போரின் இறுதிக் காலம் வரையும், அதை ஒட்டியும் ஏறத்தாழ 24,500 பேர் வந்தனர்.

திரும்பிச் சென்றவர்களுள் ஒரு பகுதியினர் போர் மீண்டும் தொடங்கியபோது இரண்டாம் முறையாகப் படகேறி வந்தனர். முகாம்களில் உள்ள முதியோர் பலரிடம் திரும்புதல் பற்றிய தயக்கம் காணப்படுவதற்கு இந்த முன்னனுபவமும் ஒரு காரணமாகும். 1995 மார்ச்சுக்குப் பின்னர் இந்திய அரசு பெருந்தொகையினரை ஒருங்கே திருப்பி அனுப்பும் ஏற்பாடு எதையும் மேற்கொள்ளவில்லை.

திருச்சிராப்பள்ளி முகாம்கள்

துவாக்குடி, திருச்சிராப்பள்ளி - தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் திருவெறும்பூருக்குக் கிழக்கே அமைந்துள்ள தொழில் நகராகும். பாரத மிகுமின் நிறுவனத்தின் (பெல்) ஆலையும், அதைச் சார்ந்த சிறுதொழிற் கூடங்களும், 1964 இல் மண்டலப் பொறியியற் கல்லூரியாகத் தொடங்கப்பட்ட தேசிய தொழில்நுட்பக் கழகமும் இப்பகுதியில் உள்ளன. இதனை அடுத்துள்ள வாழவந்தான்கோட்டையில் ஏதிலிகள் முகாம் அமைந்துள்ளது.

கொட்டப்பட்டு முகாம் இதனினும் பழமையானது. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தாயகம் திரும்பியோர் தற்காலிகமாகத் தங்கிச் செல்லும் இடைத்தங்கல் முகாமாக இது பயன்பட்டது. பின்னர் ஏதிலிகள் முகாமாக மாறியது. திருச்சிராப்பள்ளி விமான நிலையம் இதற்கு அருகில் உள்ளது. அங்கிருந்து கொழும்புக்கான நேரடி விமானப் பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரமே ஆகும்.

முகாம்வாசிகளுக்கு அரசு மாதாந்தப் பணக்கொடை, மானிய விலையில் அரிசி, வீடு, மின்சாரம் ஆகியவற்றை வழங்குகிறது. 2021 ஆம் ஆண்டு அறிவிப்பின்படி குடும்பத் தலைவருக்கான பணக்கொடை 1,000 ரூபாவிலிருந்து 1,500 ரூபாவாகவும், ஏனைய பெரியவர்களுக்கு 750 ரூபாவிலிருந்து 1,000 ரூபாவாகவும், சிறுவர்களுக்கு 400 ரூபாவிலிருந்து 500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. அதே அறிவிப்பில் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தரும் திட்டமும் இடம்பெற்றது. இப்பணக்கொடை குடும்பச் செலவுக்குப் போதாமையால் பெரும்பாலானோர் நாட்கூலி வேலைக்குச் செல்கின்றனர். கட்டடங்களுக்கு வண்ணம் பூசும் வேலை முகாம் ஆண்களிடையே மிகப் பரவலானது. முகாம்வாசிகளின் வருகையும் இருப்பும் காலமுறைப்படி சரிபார்க்கப்படுகின்றன. தமிழ்நாடு காவல்துறையின் கியூ பிரிவு இவர்களைக் கண்காணிக்கிறது.

1992 - 1995 திருப்பி அனுப்பலும் விருப்பம் பற்றிய கேள்வியும்

1991 மே 21 இல் முன்னாள் பிரதமர் ராசீவ் காந்தி திருப்பெரும்புதூரில் படுகொலை செய்யப்பட்டது ஏதிலிகளின் நிலையை முற்றிலும் மாற்றியது. அதுவரை இருந்த பரவலான ஆதரவு குன்றியது, கண்காணிப்புக் கடுமையாயிற்று. 1992 சனவரியில் திருப்பி அனுப்புதல் தொடங்கியபோது, ஏதிலிகளிடம் அவர்கள் அறியாத ஆங்கிலத்தில் அமைந்த படிவங்களில் ஒப்புதல் பெறப்படுவதாகவும், பணக்கொடையும் பங்கீட்டுப் பொருட்களும் நிறுத்தப்படும் என்ற அச்சம் ஊட்டப்படுவதாகவும் மனித உரிமை அமைப்புகள் குற்றஞ்சாட்டின. பழ. நெடுமாறன், ச. இராமதாசு ஆகியோர் இது தொடர்பாகச் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர்.

இதன் பின்னணியில், திரும்புவோரின் விருப்பத்தைச் சரிபார்ப்பதற்காக ஐக்கிய நாடுகள் ஏதிலிகளுக்கான உயர் ஆணையர் அலுவலகம் 1992 ஆம் ஆண்டு சென்னையில் செயற்படத் தொடங்கியது. ஏதிலிகள் நிலை குறித்த 1951 ஆம் ஆண்டு உடன்பாட்டில் இந்தியா கையெழுத்திடவில்லை என்பதால், இவ்வலுவலகத்தின் பணி இந்திய அரசின் இசைவுக்கு உட்பட்டதாகவே இருந்து வருகிறது.

விருப்பத்துடன் திரும்புதல் என்ற சொல்லின் பொருள் இக்காலத்திலிருந்தே விவாதத்துக்கு உரியதாக உள்ளது. ஒருவர் படிவத்தில் தாமே கையொப்பமிட்டாலும், தங்கியிருப்பதற்குச் சட்டப்படியான வழி எதுவும் அவருக்கு இல்லையெனில் அதனை முழுமையான விருப்பம் எனக் கொள்ளலாமா என்பதே இவ்விவாதத்தின் மையமாகும்.

முடிவைப் பாதிக்கும் காரணிகள்

நிலமும் வீடும்

திரும்ப எண்ணும் குடும்பம் முதலில் கேட்கும் கேள்வி, எங்கே சென்று தங்குவது என்பதாகும். யாழ்ப்பாண மாவட்டத்தின் வலிகாமம் வடக்கில் 1990 முதல் பெருமளவு நிலம் உயர் பாதுகாப்பு வலயமாக இராணுவத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. அதன் பகுதிகள் போருக்குப் பின்னர் படிப்படியாக விடுவிக்கப்பட்டன. வேறு இடங்களில், ஆளில்லா வீடுகளிலும் காணிகளிலும் பிறர் குடியேறியுள்ளனர்.

இலங்கையின் ஆட்சியுரிமைச் சட்டத்தின்படி, உரிமையாளரின் எதிர்ப்பின்றிப் பத்தாண்டுகள் ஒரு காணியை அனுபவித்தவர் அதன்மீது உரிமை கோரலாம். போரினால் வெளியேறியவர்கள் இதனால் காணியை இழப்பதைத் தடுக்க 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சிறப்பு ஏற்பாடுகள் சட்டம் இயற்றப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் கொள்ளாதிருக்க இச்சட்டம் வழிசெய்தது. எனினும் இச்சலுகையின்கீழ் வழக்குத் தொடர இரண்டாண்டுக் கால எல்லை விதிக்கப்பட்டது. தமிழ்நாட்டு முகாமில் உள்ள ஒருவர், கடவுச்சீட்டும் உறுதிப் பத்திரமும் இல்லாத நிலையில், அக்காலத்துக்குள் இலங்கை நீதிமன்றத்தை அணுகுவது எளிதாக இருக்கவில்லை.

ஆவணங்கள்

இந்தியாவில் இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளை தானாகவே இலங்கைக் குடிமகனாவதில்லை. பிறப்பை இலங்கைத் தூதரக அலுவலகத்தில் ஓராண்டுக்குள் பதிவு செய்தல் வேண்டும். காலம் கடந்தால் அமைச்சின் அனுமதியுடன் பதிவு செய்யலாம். தமிழ்நாட்டில் உள்ளோர் இதற்குச் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஆணையகத்தை அணுக வேண்டும். இதற்கு மருத்துவமனையில் பெற்ற பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் பிறப்புச் சான்றிதழ்கள், திருமணச் சான்று ஆகியன தேவைப்படுகின்றன. படகில் வந்தபோது ஆவணங்களை இழந்தவர்களுக்கும், முகாமிலேயே பதிவின்றித் திருமணம் செய்தவர்களுக்கும் இது நீண்ட நடைமுறையாகும். எனவே ஆவணங்களைப் பெறுதல் திரும்புவதற்கு மட்டுமன்றி, எந்தவொரு நாட்டின் குடிமகன் என்பதை மெய்ப்பிப்பதற்கும் இன்றியமையாதது.

கல்வியும் தொழிலும்

முகாம் பிள்ளைகள் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பயில்கின்றனர். பள்ளிப் படிப்பின் நடுவில் இலங்கைக்குச் சென்றால் வேறு பாடத்திட்டத்துக்கு மாற வேண்டியிருக்கும். அரசு வேலைக்குச் சிங்கள மொழியறிவும் தேவைப்படலாம். தங்கினாலோ, பட்டம் பெற்றவரும் குடியுரிமை இல்லாமையால் இந்திய அரசுப் பணிக்கு விண்ணப்பிக்க இயலாது. கடவுச்சீட்டு இல்லாமையால் வெளிநாட்டு வேலைக்கும் செல்ல இயலாது. இதனால் பொறியியல், வணிகவியல் முதலிய பட்டங்கள் பெற்றவர்களும் தந்தையரைப் போன்றே கூலி வேலைக்குச் செல்லும் நிலை பல முகாம்களில் காணப்படுகிறது.

தலைமுறை வேறுபாடு

இலங்கையில் பிறந்து வளர்ந்த முதியோருக்கு ஊர் என்பது காணியும் கோயிலும் உறவினரும் உள்ள ஓரிடமாகும். முகாமில் பிறந்தவர்களுக்கு அது பெற்றோர் சொல்லிக் கேட்ட இடமே. அவர்களது நண்பர்கள், பேச்சுவழக்கு, தொழிற்பழக்கம் யாவும் தமிழ்நாட்டைச் சார்ந்தவை. இதனால் முதியோர் திரும்ப விரும்பியும் பிள்ளைகளின் பொருட்டுத் தங்குவதும், பெற்றோர் முதலில் சென்று நிலைமையை அறிந்தபின் பிள்ளைகளை அழைத்துக்கொள்ள எண்ணுவதும் நிகழ்கின்றன. தமிழ்நாட்டவரை மணந்தவர்களின் நிலை மேலும் சிக்கலானது. ஒருவர் திரும்பினால் மற்றவர் அங்கே அயல்நாட்டவராவார்.

மலையகத் தமிழர்

முகாம்வாசிகளுள் கணிசமானோர் இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழர் ஆவர். 1948 ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் இவர்களுடைய முன்னோருள் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1977, 1983 முதலிய ஆண்டுகளின் கலவரங்களால் தோட்டங்களை விட்டு வெளியேறி வவுனியா, கிளிநொச்சி, மன்னார் ஆகிய மாவட்டங்களில் குடியேறிய பலர், அங்கிருந்து போரினால் இந்தியாவுக்கு வந்தனர். சிறிமா - சாத்திரி ஒப்பந்தத்தின்கீழ் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தும், 1984 இல் தலைமன்னார் - இராமேசுவரம் கப்பல் சேவை நின்றதால் முறைப்படி வர இயலாதவர்களும் இருந்தனர்.

2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் வாழ்ந்த நாடற்ற இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கியது. 2009 இல் இது திருத்தப்பட்டு, போரினால் இந்தியாவுக்குச் சென்றவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. ஆயினும் இவர்களுள் பலருக்கு இலங்கையில் திரும்பிச் செல்வதற்குச் சொந்தக் காணி இல்லை. இந்தியா மூதாதையர் நாடாக இருந்தும் சட்டப்படி இவர்கள் இங்கு அயல்நாட்டவரே.

இந்தியக் குடியுரிமை

இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின்படி பிறப்பால் கிடைக்கும் குடியுரிமை, பிறந்த தேதியைப் பொறுத்தது.

1987 யூலை 1 ஆம் தேதிக்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் எந்நாட்டவராயினும் இந்தியக் குடிமகன் ஆவார்.

அத்தேதி முதல் 2004 டிசம்பர் 3 ஆம் தேதிக்கு முன்வரை பிறந்தவர், பெற்றோருள் ஒருவர் இந்தியராயின் குடிமகன் ஆவார்.

அதன்பின் பிறந்தவர், பெற்றோர் இருவரும் இந்தியராகவோ, ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருந்தால் மட்டுமே குடிமகன் ஆவார்.

இதனால் ஒரே முகாமில் பிறந்த மூத்தவர் இந்தியராகவும் இளையவர் இந்தியர் அல்லாதவராகவும் அமையலாம். 2022 ஆகத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, 1987 யூலைக்கு முன் தமிழ்நாட்டில் பிறந்து கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த ஒருவருக்கு இந்தியக் கடவுச்சீட்டு வழங்க உத்தரவிட்டது. அவர் 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார்.

பதிவு மூலமும் இயல்புரிமை மூலமும் குடியுரிமை பெறுவதற்கு, 2003 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி சட்டவிரோதக் குடியேறிகள் தகுதியற்றோர் ஆவர். கடவுச்சீட்டின்றிப் படகில் வந்தோர் இவ்வகையில் அடங்குவர். 2019 யூன் 17 இல் மதுரைக் கிளையின் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன், கொட்டப்பட்டு முகாமைச் சேர்ந்தோர் உட்பட இந்திய வம்சாவளித் தமிழர் 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்கள் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றும், மத்திய அரசு அவற்றை 16 வாரங்களுக்குள் பரிசீலிக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தார். அதே ஆண்டு டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாக்கித்தான், வங்காளதேசம், ஆப்கானித்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தோருக்கு மட்டுமே பொருந்துவதாக அமைந்தது. இலங்கை அதில் சேர்க்கப்படவில்லை.

2025 செப்டம்பரில் வெளியான உள்துறை அமைச்சக ஆணை, 2015 சனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, கடவுச்சீட்டும் நுழைவுரிமையும் இன்றித் தங்கியிருப்பதற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்களித்தது. இது குடியுரிமை வழங்கும் ஆணை அன்று. ஆயினும் தங்கியிருத்தல் குற்றம் என்ற நிலையை இது தளர்த்தியது.

திரும்பியோரின் நிலை

போருக்குப் பின்னர் ஐ.நா. உயர் ஆணையர் அலுவலகம் திரும்ப விரும்புவோருக்குப் பயணச்சீட்டும் சிறு உதவித்தொகையும் அளித்து வந்தது. இந்தியாவை விட்டு வெளியேறும் அனுமதியும் இலங்கைப் பயண ஆவணமும் கிடைத்த பின்னரே பயணம் சாத்தியமாகும். இவ்வகையில் திரும்பியோர் தொகை ஆண்டுக்குச் சில நூறு முதல் ஏறத்தாழ இரண்டாயிரம் என்ற அளவிலேயே இருந்தது. 2011 அக்டோபரில் 37 பேர் தூத்துக்குடியிலிருந்து பயணிகள் கப்பலில் கொழும்பு சென்றனர். கப்பலில் வீட்டுப் பொருட்களையும் கொண்டு செல்ல முடிந்ததால் இது பலரால் விரும்பப்பட்டது. ஆனால் அச்சேவை அடுத்த மாதமே நின்றுபோயிற்று.

2022 ஆம் ஆண்டு இலங்கையில் ஏற்பட்ட பொருளாதார நெருக்கடியின்போது, மார்ச் 22 முதல் சிறு குழுக்களாக மக்கள் தனுசுக்கோடிக் கரையில் வந்திறங்கினர். முன்னர் தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்ந்து, போருக்குப் பின் ஊர் திரும்பியவர்களும் அவர்களுள் இருந்தனர். அவர்கள் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டனர்.

2025 மே மாதம், ஐ.நா. அலுவலகத்தின் உதவியுடன் யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்தை வந்தடைந்த முதியவர் ஒருவர், பல ஆண்டுகளுக்கு முன் உரிய ஆவணமின்றி நாட்டை விட்டு வெளியேறினார் என்ற காரணத்தால் கைது செய்யப்பட்டுப் பின்னர் பிணையில் விடுவிக்கப்பட்டார். உயிர் தப்புவதற்காகப் படகேறியதே குற்றமாகக் கருதப்படலாம் என்ற அச்சத்தை இந்நிகழ்வு முகாம்களில் தோற்றுவித்தது.

கருத்து வேறுபாடுகள்

எசு. ஜே. வி. செல்வநாயகத்தின் மகன் எசு. சி. சந்திரகாசன் 1984 இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், உரிய ஆயத்தத்துடன் விரும்பித் திரும்புவதே நிலையான தீர்வு என்று நீண்டகாலம் வலியுறுத்தி வந்தது. பிறப்புப் பதிவு, தொழிற்பயிற்சி ஆகியவற்றில் அது கூடிய கவனம் செலுத்தியது.

தமிழ்நாட்டு அரசுகளின் நிலைப்பாடு காலத்துக்குக் காலம் மாறியுள்ளது. 1992 இல் மாநில அரசு திருப்பி அனுப்புதலை ஆதரித்தது. 2009 செப்டம்பரில் காஞ்சிபுரத்தில் நடந்த தி.மு.க. மாநாடு ஏதிலிகளுக்குக் குடியுரிமை வழங்கக் கோரியது. 2015 சனவரியில் மத்திய அரசு திரும்புதல் பற்றிப் பேச அழைத்தபோது, அதற்கான சூழல் இன்னும் அமையவில்லை என்று அப்போதைய முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

குடியுரிமை வழங்குதல் இலங்கையின் வடக்கு, கிழக்கில் தமிழர் தொகையைக் குறைத்து அவர்களது அரசியல் வலிமையைப் பாதிக்கும் என்பது திரும்புதலை ஆதரிப்போரின் வாதமாகும். நாற்பதாண்டுகள் ஓரிடத்தில் வாழ்ந்தவர்கள் மீது அப்பொறுப்பைச் சுமத்தலாகாது என்பதும், தங்கும் உரிமை கிடைத்த பின்னரே திரும்புதலைத் தடையின்றித் தேர்ந்தெடுக்க முடியும் என்பதும் மறுசாராரின் வாதமாகும். குடியுரிமை பெற்றவர் இந்தியக் கடவுச்சீட்டுடன் இலங்கைக்குச் சென்று, ஊரையும் காணியையும் நேரில் கண்டு, மீண்டும் வர இயலும். முகாம்வாசிக்கு அவ்வாய்ப்பு இல்லை. வெளியேறும் அனுமதியுடன் நாடு திரும்பியவரின் முகாம் பதிவு நீக்கப்படுவதால், அவர் ஒருமுறை எடுக்கும் முடிவே பெரும்பாலும் இறுதியானதாக அமைகிறது.

இவற்றையும் பார்க்க

ஈழப் போர்
கறுப்பு யூலை
சிறிமா - சாத்திரி ஒப்பந்தம்
மலையகத் தமிழர்
துவாக்குடி